விரித்த தகடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஷீட்டில் கட்டுப்பாட்டு மேசைகளும் பேனல் பெட்டிகளும் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். இன்வென்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த, மடிப்புகள் உள்ள பாகத்தைத் தட்டையாக விரித்து, அந்த விரிப்பை (பிளாட் பேட்டர்ன்) டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக லேசர் கட்டிங் கடைக்கு அனுப்புவது என் அன்றாட வேலை. விரிப்பின் அளவு சரியாக இருந்தால் போதும், அது திரையில் எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 12 மேசைகளுக்கான ஒரு வேலையில் அந்த நினைப்பு மாறியது.

மேசையின் இரு பக்கங்களுக்கும் 1.5 மில்லிமீட்டர் எஸ்எஸ் 304, பிரஷ்டு ஃபினிஷ், அதாவது ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் மெருகு. மேசை நிற்கும்போது பிரஷ் கோடுகள் தரைக்குச் செங்குத்தாக ஓட வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. லேசர் இயக்குபவர் அனுபவசாலி. மொத்தத்தையும் வெட்டிவிடாமல், இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் ஒன்றுமாக வெட்டி, மடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ரைட் சைடு பேனல்ல பிலிம் உள்ளே போயிடுச்சு. ரெண்டுலயுமே கோடு சாய்ஞ்சு ஓடுது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது; மெருகு முகத்தைக் காக்க ஒட்டியிருக்கும் பிலிம் வலப்பக்கப் பேனலில் உள்ளே போயிருந்தது. அளவுகளில் ஒரு குறையும் இல்லை, துளைகள் பொருந்தின, மடிப்புக்குப் பின் வந்த உயரமும் சரி. ஆகவே விரிப்பின் நீளத்தைக் கணக்கிடும் கே-ஃபேக்டரையோ வளைவுக் கழிவையோ சந்தேகிக்க இடமில்லை. விரிப்பு கிடந்த கோணத்திலும், அது மேலே காட்டிய முகத்திலும்தான் பிழை இருந்தது. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதை அன்றிரவுதான் பிரித்தறிந்தேன்.

முதலில் கோணம். மேசையின் பக்கப் பலகையில் மேல் ஓரம் சாய்வானது. விரிப்பு அந்தச் சாய்வு ஓரத்தையே கிடைமட்டமாக வைத்துப் படுத்திருந்தது. 2500க்கு 1250 ஷீட்டில் பிரஷ் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டும் கடையில் டிஎக்ஸ்எஃப் கோப்பின் கிடைமட்ட அச்சை ஷீட்டின் நீளத்தோடு பொருத்தி வைக்கிறார்கள். அதனால் கோடுகள் சாய்வு ஓரத்துக்கு இணையாக ஓடிவிட்டன. பாகங்களை ஷீட்டில் அடுக்கி வைக்கும் வேலையான நெஸ்டிங்கைச் செய்பவர் கோட்டின் திசையை மதித்து 0 பாகை, 180 பாகை ஆகிய இரண்டு சுழற்சிகளை மட்டுமே அனுமதித்திருந்தார். நான் கொடுத்த திசையை அவர் நம்பினார். பிழை என் கோப்பில் இருந்தது.

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திசை கோணலாக இருப்பதை வரைபடத் தாளில் நான் முன்பே கவனித்திருந்தேன். அங்கே அந்தக் காட்சியைச் சுழற்றி நேராக்கிவிட்டு, சரிசெய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். வரைபடத்தில் காட்சியைச் சுழற்றுவது தாளில் தெரிவதை மட்டுமே மாற்றும். மாடலின் பிளாட் பேட்டர்னிலிருந்து நேரடியாக எடுக்கும் டிஎக்ஸ்எஃப் பழைய கோணத்திலேயே வெளிவரும். திருத்தம் நடக்க வேண்டிய இடம் இன்வென்டரின் உலாவிப் பட்டியலில் உள்ள பிளாட் பேட்டர்ன். அதன்மேல் வலது சொடுக்கு செய்து 'எடிட் ஃபிளாட் பேட்டர்ன் டெஃபினிஷன்' என்பதைத் திறந்தால் ஓரியன்டேஷன் தாவல் வரும். அதில் கிடைமட்டம் என்பதைத் தேர்ந்து, பலகையின் பின்புறச் செங்குத்து ஓரத்தைச் சொடுக்கினேன். விரிப்பு திரையில் சுழன்று நேராகப் படுத்தது.

நீள அகலக் கணக்கும் அதோடு மாறியது. பொருள் பட்டியலில் வரும் விரிப்பின் நீளமும் அகலமும் இந்த அச்சுகளை ஒட்டியே அளக்கப்படுகின்றன. 600க்கு 400 உள்ள ஒரு செவ்வகத்தை 30 பாகை திருப்பி வைத்தால் அதைச் சுற்றி வரையும் பெட்டி ஏறத்தாழ 720க்கு 646 ஆகிவிடும். தகடு மாறவில்லை, ஆனால் ஷீட் வாங்கக் கணக்குப் போடுபவருக்குத் தவறான எண் போய்ச் சேரும்.

இரண்டாவது கோளாறு எனக்கு அதிக நேரம் பிடித்தது. வலப்பக்கப் பேனலை இடப்பக்கத்தின் கண்ணாடிப் பிரதியாகத்தான் உருவாக்கியிருந்தேன். அந்தப் பிரதியில் எந்த முகம் வெளியே தெரிய வேண்டியது என்பதை, அதாவது ஏ-சைடை, நான் குறிக்கவே இல்லை. அதன் விரிப்பு உள்முகத்தை மேலே காட்டியபடி உருவாகியிருந்தது. சாதாரணத் தகடாக இருந்தால் இதில் நட்டமில்லை; மடிப்பவர் புரட்டிப் போட்டு மடித்துவிடுவார். பிரஷ்டு தகட்டில் ஒரு முகத்துக்குத்தான் மெருகும் பிலிமும் உண்டு. எங்களுக்கு வெட்டும் கடையில் பிலிம் மேலே தெரியும்படிதான் ஷீட்டை ஏற்றுவார்கள். உள்முகத்தை மேலே காட்டும் கோப்பை அப்படி வெட்டினால், மெருகு பெட்டிக்குள்ளேதான் போகும்.

இதைத் திரையில் எவ்வளவு பார்த்தும் மனம் தெளியவில்லை. இரண்டு விரிப்புகளையும் ஏ4 தாளில் அச்செடுத்து, அச்சு விழுந்த பக்கத்தில் பென்சிலால் கோடுகள் இழுத்து, கத்தரித்து, வளைவுக் கோடுகளில் மடித்தேன். இடப்பக்கத் தாளில் பென்சில் கோடுகள் வெளியே தெரிந்தன. வலப்பக்கத் தாளை மேசையில் நிற்க வேண்டிய விதத்தில் மடித்தபோது கோடுகள் உள்ளே மறைந்தன. கையில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தச் சிக்கல் எனக்கு முழுதாகப் புரிந்தது.

பிரதியில் வெளிமுகத்தை ஏ-சைடாகக் குறித்து, விரிப்பின் அடிப்படை முகத்தைப் புரட்டினேன்; புரட்டிய பிறகு கோணத்தையும் மறுபடி சரிபார்த்தேன். விரிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமே என்று தோன்றும். அதை நான் தவிர்த்தேன். அழித்தால் விரிப்பின் மேலேயே செய்த வெட்டுகளும் போய்விடும்; வரைபடத் தாளில் அதைச் சார்ந்து நிற்கும் காட்சியும் அளவுகளும் பிடிமானம் இழந்துவிடும்.

சரிபார்க்க ஓர் எளிய வழியும் அன்று கிடைத்தது. டிஎக்ஸ்எஃப் கோப்பில் மேல்நோக்கிய வளைவுகள் ஐவி_பெண்ட் என்ற அடுக்கிலும் (லேயர்), கீழ்நோக்கியவை ஐவி_பெண்ட்_டவுன் என்ற அடுக்கிலும் விழும். எங்கள் பேனலில் எல்லா மடிப்புகளும் உள்நோக்கியே போகின்றன. ஆகவே மெருகு முகம் மேலே இருக்கும் விரிப்பில் ஒரு வளைவுக் கோடுகூட முதல் அடுக்கில் இருக்கக்கூடாது. தவறான வலப்பக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன்; ஆறு கோடுகளும் முதல் அடுக்கிலேயே இருந்தன. திருத்திய கோப்பில் ஆறும் டவுன் அடுக்குக்கு மாறியிருந்தன.

மறுநாள் காலை புதிய கோப்புகளை அனுப்பினேன். வரைபடத்தில் கோட்டின் திசைக்கு ஓர் அம்புக்குறியும், 'மெருகு முகம் மேலே' என்ற குறிப்பும் சேர்த்தேன். லேசர் இயக்கும் அண்ணன் மறுபடியும் ஒரு ஜோடி வெட்டி, மடித்து, பின் ஓரம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்போ சரி தம்பி, மீதியை ஏத்திடறேன்" என்றார்.