மாஸ்ஸி என்றிருந்தாலும் அது சிசிஎம்தான்

பழைய கனடா சைக்கிள் கையில் கிடைத்தால், ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் முன் பேட்ஜை மட்டும் நம்பாதீர்கள். 1899-இல் 5 சைக்கிள் நிறுவனங்கள் சேர்ந்து சிசிஎம் (கனடா சைக்கிள் அண்ட் மோட்டார் கம்பெனி) ஆனபோது, மாஸ்ஸி, கிளீவ்லாண்ட், ரெட் பேர்ட், பெர்ஃபெக்ட் போன்ற பழைய பெயர்களைக் கைவிடாமல் அதே பெயர்களிலேயே தொடர்ந்து விற்றார்கள். அதனால் பேட்ஜ் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வண்டிதான். வயதைச் சொல்வது பிரேமில் அடித்திருக்கும் சீரியல் எண்தான், அதிலுள்ள எழுத்தை வைத்து ஆண்டைக் கணிக்கலாம், ஆனால் பெயிண்டுக்கு அடியில் புதைந்திருக்கும், மெதுவாகச் சுரண்ட வேண்டும்.

அப்புறம் டயர். இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கனடாவின் 28 x 1½ என்பது 622 மி.மீ. விட்ட ரிம், அதாவது இன்று 700சி என்று விற்கும் டயர் அளவு. நம்மூர் ரோட்ஸ்டரின் 28 x 1½ டயரோ 635 மி.மீ., பக்கவாட்டில் அதே எண்தான், கனடா ரிம்மில் மாட்டினால் தொளதொளவென்று நிற்கும்.

குரோம் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும் (கையுறை கட்டாயம்). பெயிண்ட், டிகால் (பிரேமில் ஒட்டியிருக்கும் பெயர், படங்கள்) பக்கம் மட்டும் தின்னரைக் கொண்டுபோகாதீர்கள். மங்கிய ஒரிஜினல் பெயிண்ட், பளபளக்கும் பவுடர் கோட்டிங்கை விட எனக்கு எப்போதும் மேல்.