ஊருக்குப் போகாத டிசம்பர்களும் லாங்ஹார்ன்ஸ் ஆடிய பவுல்களும்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆய்வகம், பேராசிரியர்கள், ரிவர்சைடு அபார்ட்மென்டில் ஆள் மாற்றி ஆள் சமைத்தது என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். அதனால் நான் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியான லாங்ஹார்ன்ஸைப் பற்றி, அதிலும் சீசன் முடிந்த பிறகு அது ஆடிய பவுல் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்டினில் படித்துவிட்டு இன்று சென்னை, கோவை, சிங்கப்பூர், துபாய் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும் நமக்கு அந்த ஆட்டங்களோடு ஒரு தனி உறவு உண்டு என்பது என் எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை ஆட்டங்கள் ஊருக்கே சொந்தம். ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், பார்க்கிங் இடமெல்லாம் புகை, ஆரஞ்சு நிறச் சட்டைகள், பீவோ என்ற நீண்ட கொம்புக் காளை. அதில் நாமும் கூட்டத்தோடு கூட்டம். ஆனால் பவுல் ஆட்டம் வருவது டிசம்பர் கடைசியிலோ புத்தாண்டை ஒட்டியோ. அப்போது அமெரிக்க மாணவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஷட்டில் பஸ் சரியாக ஓடாது, கேம்பஸில் விளக்கு மட்டும் எரியும். விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லாமல் ஊரில் தங்குவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். வருஷத்திலேயே முக்கியமான ஆட்டத்தின்போது, அணியின் சொந்த ஊரில் இருந்து அதைப் பார்த்த மாணவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்! எனக்கு அந்த அணி நெருக்கமானது அப்படித்தான்.

வீட்டில் இதைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கஜம் முன்னால் கொண்டுபோக வேண்டும், போனால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. கல்லூரி லீக் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளை ஏதாவது ஒரு நகரம் அழைத்து ஆட வைக்கும், அதுதான் பவுல். பாசடீனாவில் 1902இல் முதல் ஆட்டம் நடந்த ரோஸ் பவுல்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. டாலஸில் காட்டன் பவுல் 1937இல் தொடங்கியது. பல காலம் நாக்-அவுட் போட்டி என்று எதுவும் கிடையாது, தேசிய சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அதனால்தான் அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவ்வளவு கனம்.

நம் அணியின் கதை டாலஸில்தான் ஆரம்பிக்கிறது. முதல் பவுல் 1943 காட்டன் பவுல், ஜார்ஜியா டெக்கை 14-7 என்று ஜெயித்தார்கள். மூன்று வருஷம் கழித்து 1946இல் மிசோரியை 40-27. பாபி லேன் என்ற பையன் அந்த 40 புள்ளிகளிலும் கைவைத்திருந்தார்: ஓடி அடித்தது, எறிந்து கொடுத்தது, வாங்கி அடித்தது, காலால் உதைத்தது எல்லாம் அவர்தான். காட்டன் பவுலில் வேறெந்த அணியையும்விட அதிகமாக ஆடியது டெக்சாஸ். அப்போது டெக்சாஸ் ஆடிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற வட்டார லீக்கில் முதலிடம் பிடித்தால் அங்கே போவது வழக்கமாக இருந்ததே காரணம்.

டாரல் ராயல் கோச்சாக இருந்த காலம்தான் பொற்காலம் என்று எல்லாரும் சொல்வார்கள். 1964 ஜனவரி 1 அன்று முதலிடத்தில் இருந்த டெக்சாஸும் இரண்டாம் இடத்தில் இருந்த நேவியும் மோதின. நேவியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரோஜர் ஸ்டாபாக், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த சீசனுக்கு வாங்கியவர். 28-6 என்று டெக்சாஸ் ஜெயித்தது. கென்னடி அதே டாலஸில் சுடப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த வருஷம் மயாமியில் ஆரஞ்சு பவுல். அலபாமாவின் ஜோ நேமத் கடைசி முயற்சியில் கோட்டை நோக்கிப் பாய, டாமி நோபிஸும் மற்றவர்களும் கோட்டின்மேலேயே நிறுத்தினார்கள். 21-17. அந்தத் தலைமுறை டெக்சாஸ்காரர்களிடம் நோபிஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஆனால் என் மனசில் நிற்பது 1970 காட்டன் பவுல்தான். எதிரணி நாட்டர் டேம், 1925 ரோஸ் பவுலுக்குப் பிறகு 45 வருஷம் எந்தப் பவுலுக்கும் போகாமல் இருந்த அணி. டெக்சாஸ் பின்தங்கியிருந்து, கடைசி ஒன்றரை நிமிஷத்துக்குள் பில்லி டேல் கோட்டைத் தாண்டி, 21-17 என்று ஜெயித்தது. இதைவிடப் பெரிய விஷயம் மைதான ஓரத்தில் இருந்தது. ஃப்ரெடி ஸ்டைன்மார்க் அந்த அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். 1969 டிசம்பர் 6 அன்று ஆர்கன்சாவுக்கு எதிராக ஆடினார், 15-14 என்று ஜெயித்தார்கள், நிக்சன் நேரில் வந்து பார்த்த ஆட்டம் அது. சீசன் முழுக்க இடது தொடை வலிக்கு என்ன காரணம் என்று பார்த்தால் எலும்புப் புற்றுநோய். 12ஆம் தேதி அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஜனவரி 1 அன்று அவர் ஊன்றுகோலோடு மைதான ஓரத்தில் நின்று அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்தார். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. 1971 ஜூனில் 22 வயதில் காலமானார். நம் ஸ்டேடியத்து ஸ்கோர்போர்டுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இன்றும் மைதானத்துக்குள் நுழையும் வழியில் இருக்கும் அவர் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள்.

அந்த அணியைக் கொண்டாடும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1969ஆம் வருஷ டெக்சாஸ் அணியில் களமிறங்கிய ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. அப்படி இருந்து தேசிய சாம்பியன் ஆன கடைசி அணி அது. ஜூலியஸ் விட்டியர் 1970இல்தான் ஆட ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்கு முன்னால், 1960 காட்டன் பவுலில் சிரக்யூஸின் எர்னி டேவிஸ் நம் அணியைத் தோற்கடித்த ஆட்டத்தில் கைகலப்பே நடந்திருந்தது. டேவிஸ் அடுத்த வருஷமே ஹைஸ்மன் விருது வாங்கிய முதல் கறுப்பின வீரர் ஆனார். வெள்ளையர் அல்லாத மாணவர்களாக அதே பல்கலைக்கழகத்துக்குள் நடந்துபோன நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். பின்னாளில் அதே ஆரஞ்சுச் சட்டையில் ஏர்ல் காம்ப்பெல்லும் வின்ஸ் யங்கும் ஓடியதைப் பார்க்கும்போது எனக்கு இரட்டிப்பு சந்தோஷம் வருவது இதனால்தான்.

தோல்விகள் நிறைய. 1971இல் அதே நாட்டர் டேம் வந்து 24-11 என்று 30 ஆட்ட வெற்றித் தொடரை முடித்தது. 1978இல் மறுபடி நாட்டர் டேம், 38-10. 1984இல் ஜார்ஜியாவிடம் 10-9. இந்தக் கடைசித் தோல்விதான் கொடுமை. டெக்சாஸ் தோற்காமல் வந்திருந்தது, முன்னிலையில் இருந்தது. எதிரணி உதைத்த பந்தைப் பிடிக்கும்போது கை நழுவியது, ஜார்ஜியா அதை எடுத்து டச்டவுன் அடித்துவிட்டது. அன்று இரவே முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா மயாமியிடம் 31-30 என்று தோற்றது. பந்தை மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தால் தேசியப் பட்டம் நமக்குத்தான்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். நம்மில் யாரைக் கேட்டாலும் 2006 ரோஸ் பவுல் என்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருஷத்து ரோஸ் பவுல்தான் பெரிது. 2005 ஜனவரி 1, எதிரணி மிச்சிகன். டெக்சாஸ் ரோஸ் பவுலில் ஆடியது அதுதான் முதல் தடவை. யாரோ காலி செய்துவிட்டுப் போன பழைய டிவி, படம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், மேலே அலுமினியத் தாள் சுற்றிய ஆன்டெனா. புத்தாண்டு என்று ஒருவன் பாயசம் வைத்திருந்தான், ஆட்டம் பார்க்கிற ஜோரில் அடிபிடித்து வீடெல்லாம் வாசனை. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது மிச்சிகன் 31-21 என்று முன்னால் இருந்தது. நம் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் ஓட ஆரம்பித்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் 192 கஜம் ஓடி, நான்கு டச்டவுன் ஓடியே அடித்தார். கடைசியில் 37-35, மிச்சிகன் முன்னிலை, கடிகாரத்தில் இரண்டு வினாடி. டஸ்டி மாங்கம் 37 கஜத்திலிருந்து உதைக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து அணியில் சேர்ந்தவர், அதுதான் கல்லூரியில் அவருடைய கடைசி உதை. மிச்சிகன் டைம்-அவுட் கேட்டுக் கேட்டு அவரைக் காக்க வைத்தது. உதைத்த பந்து யாரோ ஒருவர் விரலில் பட்டுத் தள்ளாடிக்கொண்டே போய், எப்படியோ கம்பிக்கு மேலே விழுந்தது. 38-37. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் என்று நினைத்தோம், அவரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஒரு உதையால்தான் அடுத்த வருஷத்து நம்பிக்கையே வந்தது என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

2006 ஜனவரி 4ஐப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தொடர்ந்து 34 ஆட்டம் ஜெயித்திருந்தது. மேட் லைனார்ட், ரெஜி புஷ் என்று ஒரே அணியில் இரண்டு ஹைஸ்மன் வீரர்கள். ஏழு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது அவர்கள் 38-26 என்று முன்னால். யங் ஒரு டச்டவுன் அடித்தார். அப்புறம் எதிரணி நான்காவது முயற்சியில் இரண்டு கஜம் போனால் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில் லெண்டேல் வைட்டிடம் பந்தைக் கொடுத்தது, நம் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து 56 கஜம். நான்காவது முயற்சி, ஐந்து கஜம் வேண்டும், யங் எறிய ஆள் தேடினார், இல்லை, வலது ஓரமாக ஓடிக் கோட்டைத் தாண்டினார். 19 வினாடி மிச்சம். 41-38. மொத்தம் 467 கஜம் அவர் ஒருவர் கணக்கில். முதல் பாதியில் ஒரு டச்டவுனுக்கு முன்னால் அவர் முட்டி தரையில் பட்டிருந்தது, ரீப்ளே பார்க்காமல் விட்டுவிட்டார்கள். எதிரணி ரசிகர்கள் இன்னமும் அதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்று இரவு பல்கலைக்கழக டவர் முழுக்க ஆரஞ்சு நிறம், ஜன்னல் விளக்குகளால் பெரிய 1 என்ற எண். குவாடலூப் தெருவில் கார் ஹாரன் விடியும்வரை ஓயவில்லை. லீவு என்று யாரும் இல்லாத ஊரில் அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை.

அதே மைதானத்தில் 2010இல் அலபாமாவோடு பட்டத்துக்கு ஆடியபோது நம் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் ஆரம்பத்திலேயே தோளில் அடிபட்டு வெளியே போனார். 37-21 என்று தோற்றோம். அதன் பிறகு பல வருஷம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, 2019 சுகர் பவுலில் ஜார்ஜியாவை 28-21 என்று ஜெயித்ததைத் தவிர.

இப்போது பவுல்களே மாறிவிட்டன. 2024 சீசனிலிருந்து 12 அணிகளின் நாக்-அவுட், பழைய பவுல்கள் அதில் காலிறுதி, அரையிறுதி ஆகிவிட்டன. அதில் சேராத பவுல்களுக்கு நல்ல வீரர்கள் பலர் வருவதில்லை, தொழில்முறை லீக்கில் சேரும் முன் அடிபட்டால் என்ன ஆவது என்ற பயம். அவர்கள் மேல் தப்பில்லை, ஆனாலும் எனக்கு வருத்தம்தான். அந்த சீசன் பீச் பவுலில் அரிசோனா ஸ்டேட்டை இரண்டு கூடுதல் நேரம் ஆடி 39-31 என்று ஜெயித்ததை இங்கே நடுராத்திரி தாண்டிப் பார்த்தேன். அடுத்தது ஓஹையோ ஸ்டேட், மறுபடியும் காட்டன் பவுல், இப்போது ஆர்லிங்டனில். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தேன். ஏழு புள்ளி பின்னால், கோட்டிலிருந்து ஒரே ஒரு கஜத்தில் பந்து. ஓரமாக ஓடப் பார்த்து ஏழு கஜம் பின்னால் போனார்கள். நான்காவது முயற்சியில் ஓஹையோவின் ஜாக் சாயர் வந்து நம் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டி, 83 கஜம் ஓடிவிட்டார். இருவரும் ஓஹையோவில் ஒரே அறையில் இருந்தவர்களாம். 28-14.

1977 சீசனில் ஆஸ்டினில் இருந்த நம் சீனியர்கள் யாராவது அடுத்த மலரில் எழுத வேண்டும். ஏர்ல் காம்ப்பெல் ஓடியதை நேரில் பார்த்தவர்கள் நீங்கள், அந்த வருஷம் தோல்வியே இல்லாமல் டாலஸ் போய் நாட்டர் டேமிடம் தோற்று வந்த ராத்திரி ஊர் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதத் தோதில்லை என்றால் ஃபோனில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.