அந்தச் சிப்பாய் என்ன ஆனான்?

எங்கள் முதல் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் முடிவெடுத்து ஆடும் வீடியோ கேம், நன்றாக ஓடியதும், இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். காட்பாடியில் ஒரு மாடி அறையில் வேலை செய்கிற சின்னக் குழு நாங்கள். புது ஆயுதம், பெரிய மேப், குதிரைச் சவாரி என்று பட்டியல் போட்டோம். டெஸ்டிங்குக்கு வரும் கல்லூரிப் பையன் அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரிண்ணா, அந்தச் சிப்பாய் இன்னா ஆனான்?" என்றான். அதன்பிறகு எங்கள் வேலை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

முதல் பாகத்தின் கதை வேலூர்க் கோட்டையில், 1806 ஜூலை 10 அன்று நடப்பது. புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி கூடாது, தாடியை எடு என்ற உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள் விடிவதற்குள் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். யார் எப்படி ஆடினாலும் இந்த முடிவு மாறாது என்று வைத்திருந்தோம். நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போன இடத்தை வெற்றிக்கதையாக மாற்ற மனசு வரவில்லை. மாறுவது ஒன்றிரண்டு பேரின் தலையெழுத்து மட்டும்தான். காயம்பட்ட ஓர் இளம் சிப்பாயை மதில்மேலிருந்து கயிற்றில் அகழிக்குள் இறக்கிவிடலாம். இல்லை, அவனை விட்டுவிட்டு வாசலைக் காக்க ஓடலாம்.

ஆடுபவரின் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலில் அது ஒரே ஓர் எண். இறக்கிவிட்டால் 1, இல்லையென்றால் 0. இரண்டாம் பாகத்தில் 1 என்றால் அவன் ஜவ்வாது மலையில் ஒளிந்திருக்கிறான். அவனுக்குக் குரல், நடை, வசனம் எல்லாம் வேண்டும். 0 என்றால் வேலை மிச்சம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கு அதுதான் பெரிய வேலை. அவன் இல்லாதது ஒவ்வொரு வளைவிலும் தெரிய வேண்டுமே.

முதல் பாகத்தில் உச்ச லெவலில் இருந்த நாயகனை மறுபடி கீழிருந்து தொடங்க வைப்பது பற்றி நிறையப் பயந்தோம். தோளில் குண்டுக் காயம் என்றதும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

போன் மாற்றியவர்களிடம் பழைய சேவ் ஃபைல் இருக்காது. முதல் பாகத்தில் என்ன செய்தார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 என்ற கேம், 2007இன் முதல் பாகத்து சேவை அப்படியே எடுத்துக்கொண்டது. 2015இல் வந்த விட்சர் 3 என்ற கேம், நாயகனுக்குச் சவரம் நடக்கும்போது பழைய விஷயங்களைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வாங்கும். அழகான வழி. நாங்களும் அதைப் பார்த்து, கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் நடத்திய விசாரணையில் கேள்விகளை வைத்தோம். வசனம் எழுதும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரன் கேட்டா எவன்பா உண்மைய சொல்லுவான்?"

அந்தக் கேள்வி சிப்பாயின் அம்மாவிடம் போனது. ஆற்காட்டுப் பக்கம், வறண்ட பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொள்கிறாள். முதலில் ஊறும் கலங்கலை அள்ளி வெளியே ஊற்றிவிட்டுத் தெளியக் காத்திருப்பார்கள் இல்லையா, அந்த நேரத்தில்தான் கேட்கிறாள்: "கோட்டையில எம்புள்ளயப் பாத்தியாப்பா?" தண்ணீர் தெளியும்வரை பதில் சொல்லலாம். டைமர் எதுவும் திரையில் வராது. அசைவுகளைச் செய்தவர் வேலூரிலேயே வளர்ந்தவர். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

பதில்கள் மூன்று. தப்பிச்சிட்டான்மா. போயிட்டான்மா. தெரியலம்மா. மூன்றாவதை 0 என்றே எடுத்துக்கொள்வோம், செலவு குறையும் என்று கம்ப்யூட்டர் கோடு எழுதும் நண்பர் சொன்னார். நான் விடவில்லை. மறந்துபோனவரும் சொல்ல வாய் வராதவரும் அந்தப் பதிலைத்தான் தொடுவார்கள். அவர்கள் கணக்கில் அந்தப் பையனைச் சாகடிக்க நமக்கு என்ன உரிமை? வாரக்கணக்கில் பேசிய பிறகு அது கேமுக்குள் தனிக் குவெஸ்ட், அதாவது ஒரு தேடல் வேலை, ஆனது: அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் கூழ் கொடுத்து அனுப்புகிறாள், நாயகன் மலையேறித் தேடுகிறான்.

அப்புறம் குதிரைச் சவாரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அந்த நேரமும் பணமும் இந்த மலையேற்றத்துக்குப் போய்விட்டன. கேள்வி கேட்ட பையன் இப்போது மூன்று பதில்களையும் மாற்றி மாற்றி டெஸ்ட் செய்துகொண்டிருக்கிறான்.