ஆளைப் பார்த்து கேம் கொடுத்த நான்கு மாதம்

ஒவ்வொருவருக்காக வீடியோ கேம் கொடுத்து ஆடவைக்க ஐப்பசியில் ஆரம்பித்தேன். எங்கள் கும்பகோணம் பக்கம் விளையாடுகிற பையன்கள் எல்லாரும் இரண்டு மூன்று துப்பாக்கிச் சண்டை, ஒரு கிரிக்கெட், ஒரு கால்பந்து என்று அதையேதான் சுற்றி வருகிறார்கள். தப்பில்லை, நானும் ஆடுகிறேன். ஆனால் பத்து வருஷமாக நான் தேடித்தேடி ஆடிய விசித்திரமான கேம்களைப் பற்றிப் பேச ஊரில் ஒருத்தர்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஏக்கம். அதனால் மாதம் ஒருவர், அவருக்கு ஒரே ஒரு கேம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து நோட்டில் எழுதுவது என்று தீர்மானித்தேன்.

முதல் ஆள் சித்தி மகன். அவனுக்குக் கொடுத்தது 'யுமே நிக்கி'. 2004-ல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் தனியாகச் செய்து இலவசமாக வெளியிட்டது. எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். வீட்டை விட்டு வெளியே வர மறுக்கும் ஒரு பெண் தூங்குகிறாள், நாம் அவள் கனவுகளுக்குள் நடக்கிறோம். கன்னத்தைக் கிள்ளினால் விழித்துக்கொள்வாள். என்ன செய்யவேண்டும் என்று கேம் கடைசிவரை வாய் திறந்து சொல்லாது.

"அண்ணே, இதுல என்னதான் பண்ணணும்?" என்றான். நான் விளக்க ஆரம்பித்தேன். கனவுகளில் 24 பொருள்கள் ஒளிந்திருப்பது, இதைப் பார்த்து எத்தனை பேர் கேம் செய்ய வந்தார்கள் என்பது, எல்லாம். பதினோராவது நிமிஷம் "சாப்பிட்டு வரேண்ணே" என்று போனவன் திரும்பவில்லை. நோட்டில் எழுதினேன்: 'எனக்குப் பிடித்ததைக் கொடுத்தேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவே இல்லை.' அடுத்த மூன்று மாதமும் இந்த வரியை வைத்துத்தான் ஓட்டினேன்.

கார்த்திகையில் பெரியப்பா மகன். திருவையாறு பக்கம் கிராமம், சம்பா நட்டிருந்தார்கள். அவன் சண்டை கேம்தான் ஆடுவான், ஆனால் பிறந்ததிலிருந்து வயலில் கால் வைத்தவன். 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்' எடுத்துப் போனேன். எடல்வைஸ் என்ற சின்ன ஜப்பானியக் குழு செய்து 2020 நவம்பரில் வந்தது. விளைச்சல் தெய்வமான ஒரு செல்லப்பெண்ணை அரக்கர் தீவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாதி நேரம் அரக்கர்களோடு சண்டை, பாதி நேரம் நெல் விவசாயம். நெல் எப்படி விளைகிறதோ அந்த அளவுக்குத்தான் அவளுக்குப் பலம் ஏறும்.

அன்றைக்கு அடைமழை. பெரியப்பா மடையை வெட்டித் தண்ணீரை வடியவிட்டு வந்து, கால் சேறு காயாமல் நிலைப்படியிலேயே நின்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். டிவியில் அந்தப் பெண் நாற்று நடுகிறாள். நம் நடவுப் பெண்கள் மாதிரியே பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு நாற்றாக. பெரியப்பா மகன் அவசரத்தில் அமுக்கி அமுக்கி நட்டான்.

"ஏண்டா இம்புட்டு நெருக்கமா நடுறே? தூர் எங்கேருந்து கட்டும்?" என்றார் பெரியப்பா, துண்டை நிறுத்திவிட்டு.

நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கேமில் நடவு இடைவெளி விளைச்சலைப் பாதிக்கும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கேமில் அடுத்த வருஷ நடவு வந்தபோது இடைவெளி விட்டு நட்டான். விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் பிரிக்கும் இடம் வந்தபோது பெரியப்பா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து அவரும் அதைத்தானே செய்கிறார்! தண்ணீர் மட்டத்தைப் பயிரின் வயசு பார்த்து ஏற்றி இறக்க வேண்டும் என்றதும் "காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுறா" என்றார், காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சு என்று அர்த்தம். கதிரை அறுத்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைப்பதுதான் அவருக்குப் புதுசு. அதை மட்டும் மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார்.

இந்தக் கேம் வந்த புதிதில் ஜப்பானில் பலர் தங்கள் நாட்டு வேளாண் அமைச்சக இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆடினார்களாம். எங்களுக்குப் பெரியப்பா இருந்தார். டெல்டாவில் கேம் ஆடுகிற ஒவ்வொருவரும் இதை ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். நாற்று, களை, உரல் உலக்கைவரை நமக்கு ரத்தத்தில் ஊறிய விஷயத்தை இவ்வளவு மரியாதையோடு தொட்ட வேறு கேமை நான் பார்த்ததில்லை.

மார்கழி ஆள் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர், கேம் ஆடி இருபது வருஷம் ஆகிறது. லூகஸ் போப் ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கொடுத்தேன், 2018-ல் வந்தது. "சார், இதுல நீங்க கிழக்கிந்தியக் கம்பெனியோட இன்சூரன்ஸ் ஆள்" என்ற ஒரு வரிதான் சொன்னேன். காணாமல் போன கப்பல் 1807-ல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. அதிலிருந்த 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் திரை மாதிரி இரண்டே நிறம். மூன்று பேரின் கதை சரியாக இருந்தால்தான் சரி என்று ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது. மனிதர் தனியாக ஒரு டைரி போட்டுவிட்டார். தூளியில் எழுதியிருந்த எண்ணை வைத்து ஒரு மாலுமியின் பேரைப் பிடித்த அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தார். இதுவரை 33 பேர்.

தையில் தவில் வாசிக்கும் நண்பர். அவருக்கு 'விப்-ரிப்பன்', 1999-ல் பழைய பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு, அதன்மேல் ஒரு முயல் நடக்கும். விசேஷம் என்னவென்றால், கேம் தட்டை எடுத்துவிட்டு நம் வீட்டுப் பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டையே பாதையாக மாற்றிக் கொடுக்கும். பள்ளம், கட்டை, வளையம், அலை என்று நான்கு தடங்கல், நான்கு பட்டன். தவறு கூடினால் முயல் தவளையாகும், பிறகு புழுவாகும்.

அவர் தன் குருநாதரின் கச்சேரி சிடியையே கொண்டுவந்தார். நாதஸ்வரம் மட்டும் இருந்த ஆலாபனையில் சுலபமாக நடந்த முயல், தவில் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரை நிமிஷத்தில் புழுவாகிவிட்டது. அவர் விடவில்லை. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடியே ஏழு தடவை ஆடினார். தாளத்தைக் கேட்டு ஆடினால் தவறுகிறது, கோட்டைப் பார்த்து ஆடினால்தான் நிற்கிறது என்று அவரே சொன்னார். அது எனக்கு இத்தனை வருஷம் தோன்றாத விஷயம்.

இப்போது முகூர்த்த நாட்கள், அவருக்கு ஓய்வே இல்லை. பெட்டியும் தட்டும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன. பங்குனியில் வாங்கிவர வேண்டும். சித்தி மகனுக்கு அதற்குள் வேறொன்று யோசித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முதலில் அவன் ஆடுவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.