பூநகரிப் பனைகளுக்குக் கீழே: கள்ளும் கருப்பணியும்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் போகும் பஸ் நாவற்குழியால் திரும்பி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்ததும் பூநகரி வந்துவிடும். ஷெல் பட்டு வட்டு (ஓலைத் தலை) இழந்த மொட்டைப் பனைகளுக்கு நடுவே வடலிகள், அதாவது இளம் பனைகள், வளர்ந்து நிற்கின்றன. பனையில் சாறு எடுக்கும் சீவல் தொழிலைப் பார்க்க வருபவர்கள் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில், விடிகாலையில் வாருங்கள். பத்து மணிக்கு வந்தால் அண்ணாந்து மரத்தைத்தான் பார்க்கலாம்.

பனையின் பூங்குலையான பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவுவார்கள். சில நாட்களில் சாறு சொட்டும். கத்தி மழுங்கியிருந்தால் பாளை வாய் நசிந்து ஊற்று குறையும்; ஒரு நாள் சீவாமல் விட்டாலும் வாய் காய்ந்துவிடும். இந்தத் தொழிலில் லீவு கிடையாது.

சாறு கள்ளாவதும் புளிக்காத இனிப்பான கருப்பணியாவதும், அதைப் பிடிக்கப் பாளையில் கட்டும் முட்டிக்குள் (சிறு பானைக்குள்) பூசும் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. பூசாத முட்டியில் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே வெள்ளை நுரை பொங்கி, தேனீயும் எறும்பும் மிதக்கும். காலைக் கள் இனிப்பு, மாலையில் புளிப்பு, வைத்திருந்தால் காடி. கள் விற்கும் தவறணையில், பனையோலையில் மடித்த பிளாவில் வாங்கி அங்கேயே குடிப்பதுதான் சரி. போத்தலில் இறுக்கி மூடிப் பையில் வைத்தால், வாயு அழுத்தி மூடியைத் தள்ளிவிடும்.

சுண்ணாம்பு பூசினால் புளிக்காது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, அடியில் படிந்த சுண்ணாம்பைக் கலக்காமல் மேலே உள்ளதை வடித்தால் கருப்பணி. மாங்காய்த் துண்டு போட்டுக் குடித்துப் பாருங்கள். எங்களுக்கு வன்னியில் இதற்கு மேல் ஒரு குடிபானம் இல்லை.

கருப்பணியைக் காய்ச்சி எடுக்கும் பனங்கட்டிக்குத்தான் (பனைவெல்லத்துக்குத்தான்) சுண்ணாம்பு அளவு கறார். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கத் தொடங்கி, சீனிச்சத்து உடைந்து, எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. கூடினால் கட்டி கறுத்துக் கசக்கும். ஒரு கிலோவுக்கு எட்டு, ஒன்பது லீற்றர் கருப்பணி வேண்டும். தாச்சியில் பொங்கி வரும்போது கொஞ்சம் தேங்காய்த் துருவல் போட்டால் நுரை அடங்கும். பாகு தடித்த பிறகு நெருப்பைத் தணித்துக் கை விடாமல் கிண்டவேண்டும், அடிப்பிடித்த மணம் பிறகு போகாது. ஒரு துளியைப் பச்சைத்தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வரவேண்டும். அதுதான் இறக்கும் பதம். சுணங்காமல், பனையோலையில் இழைத்த சிறு பெட்டிகளான குட்டான்களில் ஊற்றிவிடுவார்கள்.

வாங்கும்போது ஒரு குட்டானை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் உலர்ந்து, மணல்மணலாக இருக்கவேண்டும். விரலில் ஒட்டினால் மழைக்காலம் வரை தாங்காது. நல்லதும் மாரியில் கசியும்; வீட்டில் அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தூக்கி வையுங்கள்.