ஜெட் மாத்தின கதை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

ஒருவழியாக வண்டி கிளம்பிவிட்டது. பெயருக்கு 110 சிசி ஏடிவி, தோப்பில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி. சொந்த எஞ்சின் போன வருஷமே பிஸ்டன் பிடித்துச் செத்துப்போனது. இப்போது அந்தச் சட்டத்தில் உட்கார்ந்திருப்பது புதுப்பேட்டையில் வாங்கிய 150 சிசி பைக் எஞ்சின். சென்னைப் புதுப்பேட்டை, நம்ம பண்ருட்டிப் பக்கத்துப் புதுப்பேட்டையில் எஞ்சின் தேடினால் பலாப்பழம்தான் கிடைக்கும்.

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) மிக்குனி கம்பெனியின் விஎம்24. சைலன்சர் ஃப்ரீ ஃப்ளோ, ஏர் ஃபில்டர் பெட்டியில்லாத கோன். காற்று தாராளமாகப் போகிறது, புகை தாராளமாக வருகிறது, பெட்ரோல் மட்டும் பழைய ரேஷன். ஐடிலில், அதாவது ரேஸ் கொடுக்காமல் ஓடவிட்டால், நிற்கவில்லை. ரேஸை விட்டால் சைலன்சரில் சரவெடி. பிளக்கைக் கழற்றினேன், சுண்ணாம்பு வெள்ளை. லீன், அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

ஏப்ரல் 9, புதன்

ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைத் துளை; நம்பர் ஏற ஏறப் பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டை 105லிருந்து 115 ஆக்கினேன். மாமாவின் முந்திரித் தோப்பில் முழு ரேஸில் பிய்த்துக்கொண்டு போனது. ஐடில் மட்டும் அதே ஒப்பாரி.

எனக்கே தெரிந்த பாடம்தான். ரேஸ் அரைக்கால் திறக்கும்வரை பைலட் ஜெட், கால்வரை ஸ்லைடின் (காற்று வழியை ஏறி இறங்கித் திறக்கிற உருளை) வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடில் (அதில் தொங்குகிற ஊசி), அதற்கு மேல்தான் மெயின் ஜெட். ஐடில் கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, பல் வலிக்கு முட்டியில் தைலம் தேய்க்கிற வேலை. அடியில் ஒரு நட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடுகிறதே என்று செய்துவிட்டேன்.

இதில் முறுக்குகிற ரேஸ் கிடையாது, கட்டைவிரலால் தள்ளுகிற லீவர். எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைக்குத் தெரியாது. வீட்டம்மாவின் நகப்பூச்சை எடுத்து அரைக்கால், கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுவிட்டேன். நகப்பூச்சு விஷயம் இன்னும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

பைலட் 17.5க்குப் பதில் 22.5. காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட். சூடு ஏறியதும் குணம் மாறியது: தானாக அலறும், தானாக அணையும். இந்த மாடலில் பக்கவாட்டுத் திருகு ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருக ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளியே திருக லீன். முழுக்க உள்ளே திருகியும் எஞ்சினுக்கு உணர்ச்சியே இல்லை. ஒன்றரைச் சுற்றில் விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை. மாமா பையன் வண்டியைக் கடலூர் சில்வர் பீச்சுக்கு எடுத்துப் போகலாம் என்றான். பதிவு எண் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்ற முடியாது. அதோடு அது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) முட்டையிடுகிற மணல், டயருக்கு அங்கே வேலையில்லை என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 16, புதன்

வண்டியைச் சின்ன யானையில் ஏற்றி திருப்பாப்புலியூரில் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என் ஜெட் வரலாறு முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, காத்து எங்கெங்க உள்ள போவுதுன்னு பாத்தியா?" என்றார். இல்லை, பாய்.

எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்டு (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற குழாய்) சேருகிற இடத்தில் ஒரு சொட்டு அடித்தார். ஆர்பிஎம் குபுக்கென்று ஏறியது. அங்கேதான் திருட்டுக் காற்று.

அந்த மேனிஃபோல்டு வேறொரு பைக்கினுடையது. போல்ட் துளை ஒத்துவராமல் நான்தான் அரம் போட்டு அகலப்படுத்தியிருந்தேன். முகம் கோணி, பேக்கிங் ஒரு பக்கம் உட்காரவே இல்லை. சூட்டில் இடைவெளி இன்னும் விரிந்திருக்கிறது. பத்து நாளாக ஓட்டையைப் பெட்ரோல் ஊற்றி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாய் கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளைப் பரப்பி, மேனிஃபோல்டு முகத்தை எட்டு போடுகிற மாதிரி தேய்த்தார். புது பேக்கிங், புது ரப்பர். ஜெட் துளையைச் சுத்தம் செய்ய நான் கம்பியால் குத்தியதற்குத் தனியாகத் திட்டு: பித்தளை இளகல், துளை பெரிசாகிவிட்டால் மேலே அடித்திருக்கிற நம்பர் பொய். அதற்கு அவர் வைத்திருப்பது தூண்டில் நரம்பு.

ஏப்ரல் 20, ஞாயிறு

எல்லாவற்றையும் முதலிலிருந்து. பைலட் 20, ஏர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் சுற்றில் ஐடில் அழகாக நின்றது. இப்போது கால் சுற்று திருகினாலே சத்தம் மாறுகிறது. நடு ரேஸில் சின்ன விக்கல்; நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன், நீடில் உயர்ந்து விக்கல் போனது.

பிறகு மெயின் ஜெட். 115 இப்போது ரிச், முழு ரேஸில் கரகரத்தது. 110 போட்டு, புது பிளக்கோடு தோப்பின் நீளப் பாதையில் மூன்றாம் கியரில் முழு ரேஸ். கிளட்சைப் பிடித்து அப்படியே கில் சுவிட்ச். ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தினால் பிளக் ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும். கழற்றிப் பார்த்தேன்: பலாக்கொட்டை உள்தோலின் நிறம். இதைவிட நல்ல நிறம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

105க்கு இறங்கிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டேன். பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டிலும் கலவை சற்று லீனாகும். அது ஈரத்தையும் குடிக்கும், நம்மதோ கடல் காற்று. ஒரு வாரம் ஓட்டவில்லையென்றால் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்குகிற மிதவைக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

சாயங்காலம் மாமா பின்னால் இரண்டு மூட்டை முந்திரிக்கொட்டை ஏற்றிவிட்டு, "நல்லாத்தான் இழுக்குது மாப்ள" என்றார். பின் பிரேக் பிடிக்கவில்லை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.