உப்புத் தண்ணீரில் முள்ளு கத்திரி: சத்துவாச்சாரி மொட்டைமாடியில் இதுவரை

வேலூரில் மாடித்தோட்டம் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். இங்கே செடியை வெயிலைவிட அதிகம் கெடுப்பது போர் தண்ணீரில் இருக்கும் உப்பு. பஞ்சகவ்யா, மீன் அமிலம், அமிர்தக் கரைசல் என்று எதை ஊற்றுவது என்பதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, தினமும் குடம் குடமாக ஊற்றும் தண்ணீரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

போட்டது முள்ளு கத்திரி. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் விளையுமே, அதே ரகம்தான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தண்டு, இலை, காம்பு எல்லாவற்றிலும் முள், பறிக்கும்போது கையைப் பதம் பார்க்கும், ஆனால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் புளி ஊற்றி எண்ணெயில் வதக்கினால் வேறு கத்திரி பக்கத்தில் நிற்காது. விதை அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் கொடுத்தது, அவர்கள் வீட்டில் தலைமுறையாக எடுத்து வைக்கிற விதை. நாற்று விட்டு ஆடியில் பைக்கு மாற்றினேன், புரட்டாசியில் காய் பறிக்க ஆரம்பித்தோம்.

கார்த்திகை, மார்கழி வரை பிரச்சினையே இல்லை. மாசிக்கு மேல்தான் இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகிச் சுருண்டது, பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. பூஞ்சை என்றாள் அம்மா. நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிப்பு! தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்தேன், போர் தண்ணீர் லிட்டருக்கு 1400 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியது. குடிக்கும் தண்ணீருக்கு 500க்குள் இருந்தால் நல்லது என்பதுதான் இந்தியத் தர அளவு. வயலில் என்றால் மழை பெய்து உப்பு கீழே இறங்கிப் போய்விடும், பைக்குள் அதற்கு வழி இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கித் தங்கிச் சேருகிறது. வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுகிறோம் பாருங்கள், அது இன்னும் மோசம், ஊற்றியது அத்தனையும் ஆவியாகிறது, அடியில் சொட்டுக்கூட வெளியே வருவதில்லை.

அதனால் ஊற்றும் முறையை மாற்றினேன். சாயங்காலம் ஒரே தடவை, ஆனால் அடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் வடியும் வரை. வடிகிற தண்ணீரோடு உப்பும் வெளியேறும். அப்புறம் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை வாளியில் பிடித்துப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன், ஏசி தண்ணீரில் மட்டும் மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட உப்பே காட்டவில்லை. அரிசி கழுவின தண்ணீரும் போகிறது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்வார்கள், எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம், இருக்கிற உப்பு முழுக்க அதில்தான் திரண்டு வருகிறது. அது தரை துடைக்கப் போகட்டும். துணி துவைத்த தண்ணீரும் பைக்கு ஆகாது, கீழே மண்ணில் நிற்கும் வாழைக்கு மட்டும் விடுகிறோம்.

மழைத்தண்ணீர்தான் உண்மையான மருந்து. தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள், எங்கள் வீட்டிலும் குழாய் இருக்கிறது, எல்லாம் பூமிக்குள் போகிறது, சரி, நல்லதுதான். மாடியில் துணி காயவைக்கப் போட்ட தகரக் கொட்டகை பத்தடிக்குப் பத்தடி, அதன் ஓரத்தில் பிளந்த பிவிசி குழாயைக் கட்டி ஒரு நீல டிரம்முக்கு விட்டிருக்கிறேன். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். கொட்டகை 9 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 25 மில்லிமீட்டர் பெய்தாலே 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். மூடி மேல் கொசுவலை கட்டாயம், டெங்கு பயம் இருக்கிறது. ஐப்பசி மழையில் பைகளை ஓரம் ஒதுக்காமல் திறந்தவெளியில் நனைய விட்டால் வருஷத்து உப்பில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும், கூடவே கொஞ்சம் சத்தும் போகும், அதற்கு மேலே ஒரு கை மட்கு உரம் போட்டால் போதும்.

மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். நம்ம பக்கத்தில் அதற்கா பஞ்சம், மிஷினில் உடைக்கிற இடத்தில் மூட்டையாகவே கிடைக்கும். இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் மேல்மண் காய்வது பாதியாகக் குறைகிறது. கரும்புச்சக்கையும் போட்டுப் பார்த்தேன், எறும்பு படையெடுத்தது, எடுத்துவிட்டேன். நிழலுக்குப் பச்சை வலை வாங்கவில்லை, வெயிலில் இற்றுப் பிளாஸ்டிக் தூளாக உதிர்வதை எதிர்வீட்டு மாடியில் பார்த்திருக்கிறேன். தென்னங்கீற்றை மூங்கிலில் கட்டி மேற்குப் பக்கம் மறைத்தேன், மட்கினால் அதுவும் உரம்தான். பசுமை என்று சொல்லிக்கொண்டு துணிப்பை, அமுக்கிய நார்க்கட்டி, குப்பியில் வேப்பெண்ணெய் என்று ஆன்லைனில் அடுக்கடுக்காக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய பெயின்ட் வாளியும் அரிசிப் பையும் போதும்.

சமையலறைக் கழிவை ஓட்டை போட்ட வாளியில், காய்ந்த புங்கன் இலையோடு அடுக்கடுக்காகப் போட்டு, புளித்த மோர் தெளிக்கிறேன். இந்தச் சூட்டில் சீக்கிரம் உலர்ந்து மட்காமல் நின்றுவிடும், ஈரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊறுகாய், குழம்பு ஊற்றிய சோறு அதில் போகக்கூடாது, காரணம் மறுபடியும் உப்புதான்.

பூச்சி என்றால் கத்திரிக்குத் தண்டும் காயும் துளைக்கிற புழுதான். இந்தப் புழுவைக் காட்டித்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காயையே கொண்டுவரப் பார்த்தார்கள், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாடியில் பத்துப் பதினைந்து செடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நுனிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம், அதற்குக் கீழே கிள்ளி நசுக்கிவிட வேண்டும், மட்கு வாளியில் மட்டும் போடக்கூடாது. வேப்பங்கொட்டை 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கிறேன். கொட்டை ஆனியில் தெருவிலேயே பொறுக்கிக்கொள்ளலாம். கருவண்டு வந்தால் விரட்டாதீர்கள், பூவைப் பிடித்து அது ரீங்காரிக்கும்போதுதான் மகரந்தம் உதிர்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் பூ எல்லாம் கொட்டியது, அதை ஒன்றும் செய்ய முடியாது, செடி பிழைத்ததே பெரிசு. வைகாசிக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். சாயங்கால இடிமழை இரண்டு மூன்று விழுந்ததும் துளிர்த்துவிட்டன, இலை ஓரம் இப்போது சுத்தமாக இருக்கிறது. அடுத்த வேலை இரண்டாவது டிரம். ராணிப்பேட்டை பக்கமிருந்து வரும் பழைய டிரம்களில் ரசாயனம் இருந்திருக்கலாம், அதனால் சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், விலைதான் இன்னும் படியவில்லை.